டி.இ.ஏ. ஸ்பெஷல் ஏஜென்ட் ஆவது எப்படி? நம் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில், மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் வேலைவாய்ப்பு பற்றிப் பேசுவது என் பொறுப்பு. மருத்துவம், கணினி தாண்டி, போதைப்பொருள் குற்றங்களைத் துப்பறியும் மத்திய அரசு வேலைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் பெற்றோரும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். விதிகள் அவ்வப்போது மாறும்; விண்ணப்பிக்கும் நாளில் வந்திருக்கும் அறிவிப்பையும் படித்துவிடுங்கள்.

டி.இ.ஏ.ன்னா என்ன? போலீஸா, எஃப்.பி.ஐ. மாதிரியா?

டிரக் என்ஃபோர்ஸ்மென்ட் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் என்பதன் சுருக்கம். எஃப்.பி.ஐ. மாதிரி அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு. இரண்டும் நீதித் துறையின் கீழ்தான் வருகின்றன. 1973 ஜூலை 1 அன்று, நிக்சன் அதிபராக இருந்தபோது, பல துறைகளில் சிதறிக் கிடந்த போதைப்பொருள் தடுப்புப் பிரிவுகளைச் சேர்த்து டி.இ.ஏ.வை உருவாக்கினார்கள். எஃப்.பி.ஐ. பலவகைக் குற்றங்களைப் பார்க்கும். டி.இ.ஏ.வுக்கு முழுநேர வேலையே 1970இல் வந்த போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம்தான்.

ஸ்பெஷல் ஏஜென்ட் என்ற பதவியின் அரசுப் பெயர் கிரிமினல் இன்வெஸ்டிகேட்டர், அதன் வரிசை எண் 1811. அரசு வேலைத் தளமான யு.எஸ்.ஏ.ஜாப்ஸில் இந்த எண்ணைப் போட்டுத் தேடினால் டி.இ.ஏ. மட்டுமல்ல, இதே வகை வேலைக்கு ஆள் எடுக்கும் மற்ற அமைப்புகளும் வரும்.

தினமும் கதவை உடைச்சுக்கிட்டு உள்ளே போறதுதான் வேலையா?

இல்லை. அது நடக்கும், ஆனால் அது பல மாத வேலையின் கடைசிக் காலை. அதற்கு முந்தைய மாதங்கள் தொலைபேசிப் பதிவுகளைப் படிப்பதிலும், காருக்குள் உட்கார்ந்து ஒரு வாசலையே கவனிப்பதிலும், தகவல் தருபவர்களிடம் பேசுவதிலும், வங்கிக் கணக்குகளைத் தொடர்வதிலும் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதுவதில் போகும். ஒவ்வொரு சந்திப்புக்கும், ஒவ்வொரு கண்காணிப்புக்கும் டி.இ.ஏ.-6 என்ற அறிக்கை எழுத வேண்டும். எழுதப் பிடிக்காத பிள்ளைக்கு இந்த வேலை பெரும் சுமையாகிவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு கடத்தல்காரரின் போனை ஒட்டுக்கேட்க வேண்டுமென்றால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிபதியின் உத்தரவு வேண்டும். சாதாரண வழிகளில் முயன்று பலிக்கவில்லை, அல்லது முயன்றாலும் பலிக்காது என்று ஏஜென்ட் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும். கிடைக்கும் அனுமதி அதிகபட்சம் 30 நாள். மேலும் வேண்டுமென்றால் திரும்பவும் நீதிபதியிடம் போக வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போது அந்த ஆள் மனைவியிடம் பால் வாங்கி வரச் சொல்லிப் பேசினால், கேட்பதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சு வழக்குக்கு வந்துவிட்டதா என்று மட்டும் எட்டிப் பார்க்கலாம். இதில் தவறினால் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சியமே அடிபட்டுப் போகலாம்.

கிரீன் கார்டு போதுமா?

போதாது, குடியுரிமை கட்டாயம். இங்கே பிறந்தவர்களுக்குக் கவலையில்லை. கிரீன் கார்டுடன் இங்கே பெற்றோரோடு வசிக்கும் பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் அம்மாவோ அப்பாவோ குடியுரிமை பெற்றுவிட்டால், பிள்ளைக்கும் அது தானாகவே வந்துவிடும். பல வீடுகளில் இது தெரியாமல், பிள்ளைக்குப் பாஸ்போர்ட்கூட எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். உடனே எடுத்து வையுங்கள்.

ஓ.சி.ஐ. கார்டு இருந்தா இரட்டைக் குடியுரிமைன்னு தள்ளிடுவாங்களா?

ஓ.சி.ஐ. குடியுரிமை ஆகாது. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஓ.சி.ஐ.க்காரருக்கு அங்கே வாக்குரிமை கிடையாது. இந்தியாவுக்குப் போய்வரவும் தங்கவும் உதவும் நீண்டகால அனுமதி அது, அவ்வளவுதான். அதை வைத்திருப்பது மட்டுமே காரணமாக யாரையும் தள்ளுவதில்லை. ஆனால் மறைத்தால் பிரச்சினை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்றிதழ் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 35 வயசு, ஐ.டி.யில இருக்கேன். லேட் ஆயிடுச்சா?

இன்னும் இல்லை, ஆனால் உடனே தொடங்க வேண்டும். குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும். 37ஆம் பிறந்தநாளுக்கு முன்பு பணி நியமனம் ஆகிவிட வேண்டும். விண்ணப்பித்த தேதி கணக்கில் வராது. தேர்வு முறை முடிய ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம் என்பதால், 35 என்பது விளிம்புதான். முன்னாள் ராணுவத்தினருக்கும், ஏற்கெனவே மத்திய அரசில் இதே வகைப் பணியில் இருந்தவர்களுக்கும் விலக்குகள் உண்டு.

ஏன் 37? இந்தப் பணியில் 57 வயதில் கட்டாய ஓய்வு. அதற்குள் 20 வருடப் பணி முடித்தால்தான் இதற்குரிய ஓய்வூதியம். கழித்துப் பார்த்தால் 37 வரும்.

கிரிமினல் ஜஸ்டிஸ்தான் படிக்கணுமா?

தேவையில்லை. கணக்குப் பதிவியல், கணினி, பொறியியல், சட்டம், விமானம் ஓட்டும் பயிற்சி, வெளிநாட்டு மொழி எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு. போதைப்பணம் இன்று கிரிப்டோவிலும் ஓடுகிறது. அதைத் தொடரத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். புதிதாகப் பட்டம் முடித்தவர்களிடம் நல்ல மதிப்பெண் சராசரி எதிர்பார்ப்பார்கள், 3.0க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது நல்லது. படிப்பு அவ்வளவு பொருந்தவில்லை என்றால், காவல் துறையிலோ ராணுவத்திலோ பெற்ற அனுபவத்தை வைத்தும் வரலாம்.

தமிழ் தெரிவது இங்கே நேரடித் தகுதியாக எண்ணப்படும் என்று நம்பியிருக்க வேண்டாம். பள்ளியில் இன்னொரு மொழி எடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஸ்பானிஷ் எடுங்கள். இந்த வேலையில் அதைப் போல உதவும் மொழி வேறு இல்லை.

விண்ணப்பிச்ச பிறகு என்னென்ன நடக்கும்?

தகுதி பார்ப்பது, எழுத்துத் தேர்வும் நேர்காணலும், சிறுநீர் மூலம் போதைப்பொருள் சோதனை, மருத்துவப் பரிசோதனை, உடல்திறன் தேர்வு, பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை, உளவியல் மதிப்பீடு, அப்புறம் முழுப் பின்னணி விசாரணை. வரிசை முன்பின் ஆகலாம். எங்கே வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்பதால், இருக்கிற வேலையையோ படிப்பையோ கையில் இறுதிக் கடிதம் வரும்வரை விட வேண்டாம்.

கண்ணாடி போட்டிருக்கேன். ஓடவும் அவ்வளவா வராது. முடியுமா?

கண்ணாடி தடையில்லை. திருத்திய பார்வை ஒரு கண்ணில் 20/20, மற்றதில் 20/40 வர வேண்டும். கண்ணாடி இல்லாத பார்வைக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. பவர் மிக அதிகம் என்றால் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

ஓட்டம் வராவிட்டால் வரவழைக்க வேண்டும். தேர்வில் நான்கு பகுதிகள்: ஒரு நிமிட சிட்-அப், 300 மீட்டர் விரைவு ஓட்டம், புஷ்-அப், ஒன்றரை மைல் ஓட்டம். ஒன்றை முடித்துக் கொஞ்சம் மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். தனித்தனியாக எல்லாவற்றையும் செய்யத் தெரிந்த பிள்ளைகள்கூட, அடுத்தடுத்துச் செய்யும்போது புஷ்-அப்பில் கை நடுங்கித் தடுமாறுவார்கள். நான்கையும் அதே வரிசையில் சேர்த்தே பழகுங்கள்.

எங்க ஸ்டேட்ல கஞ்சா லீகல். காலேஜ்ல ரெண்டு தடவை புகைச்சேன். அவ்வளவுதானா?

மாநிலச் சட்டம் அனுமதித்தது என்ற வாதம் இங்கே எடுபடாது. நீங்கள் சேரப்போவது மத்திய அரசில், அதுவும் மத்தியப் போதைப்பொருள் சட்டத்தை அமல்படுத்தும் இடத்தில். ஆனாலும் இளவயதில் சில தடவை கஞ்சாவை முயன்று பார்த்தது மட்டுமே தானாகத் தகுதியை அழிப்பதில்லை. வழக்கமாகப் பயன்படுத்தினீர்களா, எவ்வளவு காலம் ஆயிற்று, மற்ற எல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கஞ்சா தவிர மற்ற போதைப்பொருள்களில் இந்தத் தாராளம் இல்லை.

சேர நினைத்த நாளிலிருந்து எதையும் தொடாதீர்கள். கஞ்சாச் செடியின் சாறு சேர்த்துக் கடையில் சட்டப்படி விற்கும் சி.பி.டி. மிட்டாய்களையும் தவிருங்கள். அவற்றில் சிறு அளவில் கலந்திருக்கும் போதைப் பொருள்கூடச் சோதனையில் தெரியலாம்.

காசிக்குப் போனப்போ பாங் லஸ்ஸி குடிச்சேன். பரீட்சை சமயத்துல ரூம்மேட் ஒரு அடெரால் மாத்திரை கொடுத்தான். இதெல்லாமா சொல்லணும்?

சொல்ல வேண்டும். பாங் என்பது கஞ்சா இலை. இந்தியாவின் 1985ஆம் ஆண்டுச் சட்டம் இலையைத் தனியாக எடுத்தால் கஞ்சா என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. அதனால்தான் அங்கே சில ஊர்களில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கிறார்கள். அமெரிக்க மத்தியச் சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. கோயில் ஊரில், பண்டிகை நாளில், உறவினர் கொடுத்துக் குடித்தது என்றால் அதை அப்படியே எழுதுங்கள்.

அடெரால் என்பது கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித் தரும் ஊக்க மருந்து. இந்த விஷயம் நம் பிள்ளைகள் நினைப்பதைவிடப் பெரியது. மருத்துவர் உங்களுக்கு எழுதித் தராத கட்டுப்பாட்டு மாத்திரையை விழுங்கியது தவறான பயன்பாடு. படிவத்தில் அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது. ஒரு மாத்திரையால் வாய்ப்பு போகுமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதை மறைத்தது தெரிந்தால் வாய்ப்பு போவது நிச்சயம். ரூம்மேட்டையும் அவர்கள் விசாரிக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பாலிகிராஃப்ல பதட்டத்துலயே ஃபெயில் ஆயிடுவேனோ?

எல்லோருமே பதட்டமாகத்தான் உட்காருகிறார்கள், எடுப்பவருக்கும் அது தெரியும். இணையத்தில் சொல்லும் மூச்சுப் பயிற்சித் தந்திரங்களை முயல வேண்டாம். தந்திரம் செய்வது கண்டுபிடிக்கப்பட்டால் அதுவே தோல்வி. முன்கூட்டியே செய்யக்கூடிய ஒரே தயாரிப்பு, படிவத்தில் எழுதியதற்கும் அங்கே சொல்வதற்கும் வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்வது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஏஜென்ட் கடைசியில் செய்வது சாட்சி சொல்வது. 1972இல் ஜிக்லியோ என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசுத் தரப்புச் சாட்சியின் நம்பகத்தன்மையைக் குலைக்கும் தகவல் இருந்தால் அதை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு ஏஜென்ட் பொய் சொன்னது பதிவாகிவிட்டால், அவர் கூண்டேறும் ஒவ்வொரு வழக்கிலும் அது வெளியே வரும். அரசு வழக்கறிஞர்கள் அவரைச் சாட்சியாகவே அழைக்கத் தயங்குவார்கள். உடலில் வலு குறைந்தவரைப் பயிற்சி தந்து தேற்றலாம். சொல் நம்பிக்கை இழந்தவரை வைத்துக்கொண்டு இந்த வேலையில் ஒன்றும் செய்ய முடியாது. என்னைக் கேட்டால், முழுத் தேர்வு முறையும் இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சோதிக்கிறது.

எஸ்.எஃப்-86ல ஊர்ல இருக்கிற மாமா, சித்தப்பா எல்லாரையும் எழுதணுமா?

எஸ்.எஃப்-86 என்பது 'டாப் சீக்ரெட்' அனுமதிக்கான, அதாவது அரசின் மிக ரகசியத் தகவல்களைப் பார்க்கும் அனுமதிக்கான நீண்ட படிவம். பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி அல்லது கணவர், மாமனார், மாமியார் போன்ற நெருங்கிய உறவுகள் எந்த நாட்டில் இருந்தாலும் எழுத வேண்டும். சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் தனிக் கேள்வியில் வருவார்கள்: பாசத்தாலோ, கடமையாலோ நெருங்கிய தொடர்பு உள்ள வெளிநாட்டுக்காரர்கள் என்று கேட்பார்கள். வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் பேசும் அத்தை அதில் வருவார். கல்யாணத்தில் ஒருமுறை பார்த்த ஒன்றுவிட்ட அண்ணன் வரமாட்டார். இந்தியாவில் உறவினர்கள் இருப்பது குற்றமில்லை. யாராவது அரசிலோ, ராணுவத்திலோ, காவல் துறையிலோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சொத்து கேட்கும் பகுதியில்தான் நம் வீடுகளில் தடுமாற்றம். தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவில் இருக்கும் பூர்வீக நிலம், அப்பா உங்கள் பெயரையும் சேர்த்துப் போட்ட என்.ஆர்.இ. கணக்கு, சின்ன வயதில் பாட்டி உங்கள் பெயரில் வாங்கிய மனை எல்லாவற்றையும் ஊரில் கேட்டு, ஆவணம் பார்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாமலே உங்கள் பெயரில் ஏதாவது இருக்கும் வீடு நம்முடையது. கடந்த ஏழு வருடப் பயணங்களையும் பழைய பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்துத் தொகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பெயர். அப்பா கந்தசாமி, மகன் செந்தில் என்றால், பிறப்புச் சான்றிதழில் கே. செந்தில், பாஸ்போர்ட்டில் செந்தில் கந்தசாமி, பழைய விசாவில் வேறு மாதிரி என்று மூன்று பெயர் இருக்கும். பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் கேட்கும் பகுதியில் மூன்றையும் காரணத்தோடு எழுதிவிடுங்கள். தெரிந்தே பொய் எழுதினால் அது தனிக் குற்றம், ஐந்து வருடம்வரை சிறை உண்டு. நேர்மையாக மறந்துபோனதை விசாரணையின்போது நீங்களே சொல்லித் திருத்தலாம்.

பையன் செலக்டிவ் சர்வீஸ்ல பதிவு செய்யலை. அதனால என்ன?

செலக்டிவ் சர்வீஸ் என்பது, ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் சேர்க்க நேர்ந்தால் அழைப்பதற்கான அரசுப் பதிவேடு. அதில் பதிவு செய்யாதது பலரைக் கடைசி நேரத்தில் தடுக்கிறது. 18 முதல் 25 வயதுவரை உள்ள ஆண்கள், குடிமக்கள் மட்டுமல்ல, கிரீன் கார்டு உள்ளவர்களும் பதிவு செய்திருக்க வேண்டும். தெரிந்தே விட்டவருக்கு மத்திய அரசு வேலை கிடையாது. 26 ஆகிவிட்டால் பதிவு செய்யவும் முடியாது. தெரியாமல் விட்டதாக விளக்கி நிரூபிக்க வேண்டும். எச்-4 போன்ற தற்காலிக விசாவில் 26 வயதுவரை முறையாக இருந்தவருக்குப் பதிவு தேவையில்லை, ஆனால் அதற்கான விசா ஆவணம் கையில் இருக்க வேண்டும்.

பயிற்சி எங்கே? சம்பளம் கிடைக்குமா?

வர்ஜீனியாவில் குவான்டிகோ, கடற்படைக் காலாட்படைத் தளத்துக்குள். எஃப்.பி.ஐ. அகாடமியும் அங்கேதான். ஏறக்குறைய நான்கு மாதம் தங்கிப் படிக்க வேண்டும். சட்டம், அறிக்கை எழுதுவது, துப்பாக்கி, வாகனம், கைது நடைமுறை, நடிப்புக் காட்சிகளில் முடிவெடுப்பது எல்லாம் உண்டு. பாடத் தேர்வுகளில் 80 சதவீதம் சராசரி வேண்டும். பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு.

பெரும்பாலும் மத்திய அரசுச் சம்பள அட்டவணையில் ஜி.எஸ்-7 அல்லது ஜி.எஸ்-9 நிலையில் சேர்ந்து, சில வருடங்களில் ஜி.எஸ்-13 வரை போகலாம். அடிப்படைச் சம்பளத்தோடு ஊருக்கேற்ற படி சேரும். அதற்கு மேல் 25 சதவீதம் தனிப்படி. அது இனாமில்லை. நாளுக்குச் சராசரி இரண்டு மணி நேரம் கூடுதலாக, கூப்பிட்ட நேரத்தில் வேலைக்கு வருவதற்கானது. பெரிய ஐ.டி. நிறுவனச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். 50 வயதில் 20 வருடப் பணியோடு, அல்லது 25 வருடம் முடித்து எந்த வயதிலும், ஓய்வூதியத்தோடு வெளியே வரலாம்.

நான் அம்மா. உயிருக்கு ஆபத்துன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது, அதை மழுப்ப மாட்டேன். 1985 பிப்ரவரியில் என்ரிகே கமரேனா என்ற ஏஜென்ட் மெக்சிகோவின் குவாதலஹாராவில் கடத்தப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். அவர் நினைவாகத்தான் இங்கே பள்ளிகளில் அக்டோபர் மாதம் சிவப்பு ரிப்பன் வாரம் கொண்டாடுகிறார்கள். உங்கள் பிள்ளையும் சட்டையில் குத்திக்கொண்டு போயிருக்கலாம். அந்த வழக்கில் தேடப்பட்ட ரஃபேல் காரோ கின்தேரோ அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது 2025 பிப்ரவரியில். நாற்பது வருடம் டி.இ.ஏ. அதை விடவில்லை.

ஆபத்தைக் குறைக்கத்தான் அத்தனை திட்டமிடலும் பயிற்சியும். பறிமுதல் செய்யும் தூளைக் கையாளக்கூட நடைமுறை உண்டு. ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் இரண்டு மில்லிகிராம் இருந்தாலே ஒரு மனிதரைக் கொல்லப் போதுமானதாக இருக்கலாம். 2022இல் மட்டும் இந்த நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். உங்கள் பிள்ளை ஏன் இந்த வேலைக்குப் போக நினைக்கிறான் என்று அவனிடமே கேளுங்கள். கூடப் படித்த யாரையோ இழந்திருக்கலாம்.

பொண்ணுங்க போகலாமா?

தாராளமாக. பால்டிமோரில் காவலராக இருந்த மிஷேல் லியன்ஹார்ட் ஏஜென்டாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து டி.இ.ஏ.வின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார்.

நியூ ஜெர்சியிலேயே போஸ்டிங் கேட்கலாமா?

விருப்பம் சொல்லலாம், வாக்குறுதி கிடைக்காது. எங்கே அனுப்பினாலும் போவேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் சேர வேண்டும். கல்யாணம் பேசும் வீடுகளில் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

துப்பாக்கி வேண்டாம், ஆனா இந்தத் துறையில இருக்கணும். வழி உண்டா?

நல்ல வழிகள் உண்டு. டைவர்ஷன் இன்வெஸ்டிகேட்டர், மருந்து ஆலை, மருந்துக் கடை, மருத்துவர் என்று சட்டபூர்வ மருந்துகள் கள்ளச் சந்தைக்கு நழுவும் இடங்களை விசாரிப்பவர். மருந்தியல் படித்த பிள்ளைகளுக்கு இது அளவெடுத்துத் தைத்தது போன்ற வேலை என்பேன். ஆய்வகத்தில் வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். தகவல்களைக் கோத்துக் கொடுக்கும் உளவுத் தகவல் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன 37 வயது வரம்பு இவர்களுக்கு இல்லை. பின்னணி விசாரணையும் போதைப்பொருள் விதியும் இவர்களுக்கும் உண்டு.

டி.இ.ஏ.ல கிடைக்கலைன்னா?

உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் எச்.எஸ்.ஐ. எல்லை தாண்டிய கடத்தலைத் துரத்துகிறது. வருவாய்த் துறையின் குற்றப் பிரிவு போதைப்பணத்தைத் துரத்துகிறது. தபால் துறைக்கே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், பார்சலில் வரும் மாத்திரைகளைப் பிடிக்க. இரண்டு மூன்று இடங்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஆனால் ஓரிடத்தில் பாலிகிராஃபில் தோற்றிருந்தால் அடுத்த இடத்தில் கேட்பார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

நான் சென்னையில இருக்கேன், இந்தியக் குடிமகன். எனக்கு?

இந்த வேலை முடியாது. உங்கள் ஊரில் இதற்கு இணையானது 1986இல் தொடங்கிய என்.சி.பி., போதைப்பொருள் கட்டுப்பாட்டு அமைப்பு. மத்தியப் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு அதற்கான ஒரு நுழைவாயில், ஐ.பி.எஸ்., ஐ.ஆர்.எஸ். (இந்திய வருவாய்ப் பணி) அதிகாரிகளும் அங்கே அயற்பணியில் வருகிறார்கள்.

சேர்ந்த பிறகு இந்தியாவுக்கு மாற்றல் வாங்கி, அங்கே இருக்கிற கடத்தல்காரங்களைப் பிடிக்கலாமா?

டி.இ.ஏ.வுக்குப் புது தில்லியில் அலுவலகம் உண்டு. உலகெங்கும் ஏறக்குறைய எழுபது நாடுகளில் உண்டு. வெளிநாட்டுப் பணி பொதுவாக உள்நாட்டில் சில வருடம் வேலை செய்து தேறியவர்களுக்கு. போட்டியும் அதிகம்.

போனாலும் அங்கே நீங்கள் யாரையும் கைது செய்ய முடியாது. 1976இல் வந்த மான்ஸ்ஃபீல்டு திருத்தம், வெளிநாட்டுக் காவல் துறையின் போதைப்பொருள் நடவடிக்கைகளில் அமெரிக்க அதிகாரிகள் நேரடியாகக் கைது செய்வதைத் தடுத்தது. அங்கே வேலை என்பது என்.சி.பி. போன்ற உள்ளூர் அமைப்புகளோடு தகவல் பரிமாறுவது, கூட்டு விசாரணைக்கு உதவுவது, பயிற்சி தருவது. ஃபென்டனிலுக்கான மூலப்பொருள்கள் எங்கிருந்து கிளம்புகின்றன என்று தேடுவதும் அந்த வேலையில் வரும். கைவிலங்கு மாட்டுவது இந்திய அதிகாரியின் கைதான்.

அப்படி ஒரு பணிக்குத் தமிழோ இந்தியோ தெரிந்தவர் விண்ணப்பித்தால், உறவினர்கள் அங்கே இருப்பதை மறுபடி அலசுவார்கள். முதல் படிவத்தில் எல்லாவற்றையும் எழுதியிருந்தால் அப்போது புதிதாகச் சொல்ல ஒன்றும் இருக்காது.